கொக்குவாய்க் கால்வாயும் அம்பலத்தாடி மீசையும்

கோணலூருக்கும் நேரூருக்கும் நடுவே கொக்குவாய்க் கால்வாய். கப்பல் கடலுக்குப் போக இரண்டு நாட்டுக்கும் அதை விட்டால் வேறு வழியே கிடையாது. ஆளுக்குப் பாதி என்று தாத்தா காலத்தில் போட்ட ஒப்பந்தம் நைந்துபோய், புதுசாகப் பேசி எழுத வேண்டியிருந்தது.

பேச யாரை அனுப்பினார் கோணலூர் ராஜா? அம்பலத்தாடியை! ஒத்தாசைக்குச் சடையப்பனும் முத்திருளும்.

"அவனுங்க சூதுக்காரனுங்க. என்ன சொன்னாலும் முடியாதுன்னுடு. கால்வாயைத் தொலைச்சிட்டு வந்தே, என் கையாலேயே உன் மீசையைச் சிரைப்பேன்!" என்றார் ராஜா.

அம்பலத்தாடி இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டான். வெண்ணெய் தடவி வளர்த்த மீசை ஐயா அது!

நேரூர் மந்திரி வாசலுக்கே வந்து கும்பிட்டார். "வாங்க, உட்காருங்க."

"முடியாது!" மூவரும் நின்றார்கள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மோராவது குடிங்க."

மூலையில் கூடிப் பேசினார்கள். "மோர்ல என்னண்ணே சூது?" என்றான் சடையப்பன், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

"இன்னிக்கு மோரு, நாளைக்குக் கால்வாய்" என்றான் முத்திருள்.

"முடியாது!"

இப்படியே கறிச்சோறு போச்சு, பாயும் தலையணையும் போச்சு. மந்திரிக்குத் தலை கிறுகிறுத்தது. "அட, முழுக் கால்வாயையும் நீங்களே வச்சுக்குங்கப்பா, ஆளை விடுங்க!"

"முழுசாத் தர்றான்னா எவ்வளவு பெரிய சூது! முடியவே முடியாது!"

வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்து ராஜா தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கிறுக்கா! தர்றேன்னவனை விட்டுட்டு வந்தியா? ஓடு! இனி அவன் எதைச் சொன்னாலும் சரின்னுடு!"

ஓடினார்கள். மோருக்குச் சரி, கறிச்சோற்றுக்குச் சரி. மந்திரி லேசுப்பட்டவரா? "கால்வாய் முழுக்க எங்களுக்கே?" என்று கேட்டுப் பார்த்தார்.

"சரி!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க ராஜாவையும் நாங்களே எடுத்துக்கட்டுமா?" என்றார்.

மறுபடி மூலை. "சரின்னா ராஜா போயிடுவாரேண்ணே?" என்றான் சடையப்பன்.

"சரின்னு சொல்லலேன்னா ராஜாவுக்குக் கோவம் வருமே?" என்றான் முத்திருள்.

அம்பலத்தாடி மீசையைத் தடவி யோசித்தான். "ராஜா பேச்சை ராஜாவுக்காகக்கூட மீறக் கூடாதுடா. சரி!"

நேரூர்க்காரர்கள் வந்து ராஜாவைப் படகில் ஏற்றினார்கள். "அடப்பாவி, கால்வாயைத் தொலைச்சிட்டியே! உன் மீசை..." என்று அலறிக்கொண்டே போனார்.

அம்பலத்தாடி வாக்குத் தவறாதவன். இன்றைக்கும் கத்தியும் கிண்ணித் தண்ணீருமாகக் காலையில் கரைக்கு வந்துவிடுகிறான். "மகாராஜா, உங்க கையாலேயேன்னு சொன்னீங்க! கால்வாய் அவங்களுது, நான் தாண்ட முடியாது. நீங்க வர்ற வரைக்கும் வேற எவனையும் இந்த மீசையைத் தொட விடமாட்டேன்!"

மீசை காதைத் தாண்டிவிட்டதாகக் கேள்வி.