வெள்ளிக்கிழமை ரசீது

எட்டுத் தறிகள் எரிந்துபோன கதை இது. எரித்தது நெருப்புதான், புதிர் அதில் இல்லை. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் வழக்கு உங்களிடம்தான் வரப்போகிறது.

சத்திரப்பட்டியில் குருவம்மாளுக்கு ஒரு விசைத்தறிக் கூடம் இருந்தது. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற கூடம். புருஷன் இறந்தபோது மிஞ்சியது அது ஒன்றுதான். நான்கு பெண்கள் அவளிடம் வேலை பார்த்தார்கள். எங்கு தொட்டாலும் கையில் பஞ்சுத் தூசி ஒட்டும் இடம் அது. தீக்காப்பீடு இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. ஒரு வருடப் பிரீமியத்தை மொத்தமாகக் கட்டவும் அவளால் முடியாது.

ராஜபாளையத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனி இதற்கு வழி வைத்திருந்தது. பிரீமியம் முழுவதையும் கம்பெனியே கட்டிவிடும்; அவள் மாதத் தவணையாகத் திருப்பித் தர வேண்டும். பத்தாம் தேதி மாலை ஆறு மணிக்குள் தவணை வராவிட்டால், காப்பீட்டை ரத்து செய்து மீதிப் பிரீமியத்தைத் திரும்பப் பெறக் கம்பெனிக்கு உரிமை உண்டு.

அவள் கையெழுத்துப் போடப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மேலாளர் ரகுபதியின் தலைக்கு மேல் லட்சுமி படம், அதில் புது மல்லிகைச் சரம்.

"கையெழுத்து ஆச்சும்மா. ஆனா பிரீமியத்த நாளைக்குத்தான் அனுப்புவோம். வெள்ளிக்கிழமை எங்க கல்லாவுல இருந்து பணம் வெளிய போகாது."

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார்," என்றாள் குருவம்மாள். நம்மைப் போன்ற மனிதர்தான் என்று நினைத்துக்கொண்டாள். அன்று ஒரு நாள் காப்பீடு இல்லாமல் கழிவதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கம்பெனிக்காக வீடு தேடித் தவணை வாங்க வருபவன் காளீஸ்வரன். ஏப்ரலில் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமையாக அமைந்தது. துணி வியாபாரி வியாழன் இரவுதான் கூலி தருவார். அதனால் முந்தின நாளே கட்டவும் அவளுக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமை பணத்தை வெளியே கொடுக்க மாட்டேன் என்று அவள் சொன்னதும் காளீஸ்வரன் சிரித்தான். தன் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, அவள் கண்ணெதிரே எண்ணி, வசூல் பைக்குள் வைத்துவிட்டு ரசீது எழுதினான்.

"லட்சுமி உங்க வீட்ல இன்னொரு நாள் தங்கிட்டு வரட்டும்க்கா. நாளைக்கு எனக்குத் தந்துருங்க."

சனிக்கிழமை காலையில் அவள் தந்துவிட்டாள்.

ஜூலையிலும் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று காளீஸ்வரன் சட்டைப் பைக்குள் கைவிட்டபோது ஒரு மருந்துச் சீட்டு மட்டும் வந்தது. அதை மறுபடி உள்ளே வைத்தான். நோட்டு எதையும் எண்ணவில்லை. ரசீதை மட்டும் எழுதிக் கிழித்தான்.

குருவம்மாள் அதைப் பார்த்தாள். பணம் வீட்டில் சாமி விளக்கடியில் மடித்து வைத்தபடி இருந்தது. ஆனால் விளக்கு ஏற்றியாகிவிட்டது. கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை.

"காலையில ஒம்பது மணிக்கு வந்துருவேன்க்கா. ஆபீஸ் தொறந்ததும் கட்டிருவேன்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலை ஆறு அடித்ததும் ரகுபதி கணக்கைப் பார்த்தார். குருவம்மாள் பெயரில் வரவு இல்லை. அவளுக்குப் போன் செய்யவில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்கு ரத்துக் கடிதத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். இது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, போயிருந்த கரண்ட் வந்தது. சுவிட்சுப் பெட்டியில் ஒரு பொறி. பஞ்சுத் தூசிக்கு அது போதும். பெண்கள் நால்வரும் தப்பித்தார்கள், தறி ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்பது மணிக்குச் சொன்னபடியே வந்த காளீஸ்வரன், புகையைப் பார்த்துத் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டான்.

திங்கட்கிழமை அவள் ரகுபதியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை தவணை வரலம்மா. அன்னிக்கே காப்பீடு ரத்தாயிருச்சு. கட்டுனதுக்கு ரசீது இருந்தாச் சொல்லுங்க. அப்ப தப்பு எங்களோடது, நட்டத்த நாங்க தரணும். பணத்த வாங்கி அமுக்குனவன போலீஸ் பாத்துக்கும்."

ரசீது அவள் மணிபர்சில் இருந்தது. வெளியே படிக்கட்டில் காளீஸ்வரன் நின்றிருந்தான். குறைமாதத்தில் பிறந்த அவன் பிள்ளை பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவள் உள்ளே நுழையும்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்று:

"காட்டிருங்கக்கா. எழுதுனவன் நான்தான்."

ரசீதைக் காட்டினால் தறிகள் திரும்ப வரும். ஆனால் 'பணம் கொடுத்தேன்' என்று அவள் பொய் சொல்ல வேண்டும். வாங்காத பணத்துக்கு அவன் சிறைக்குப் போவான். நடந்ததை நடந்தபடி சொன்னால் ரசீது வெறும் தாளாகிவிடும், அவன் வேலையும் போய்விடும். சும்மா இருந்தால் நான்கு குடும்பங்களோடு அவளும் தெருவில்.

பார்த்தும் கேட்காத குருவம்மாள், வாங்காமல் எழுதிய காளீஸ்வரன், கேட்காமல் ரத்து செய்த ரகுபதி. இந்த நட்டத்தைச் சுமக்க வேண்டியவர் இவர்களில் யார்?

விடை: ரகுபதி. ரத்து செய்வது அவருக்கு உரிமைதான், கட்டாயம் இல்லை. வெள்ளிக்கிழமை என்று சொல்லித் தன் கல்லாவைப் பூட்டி, அவளை ஒரு நாள் காக்க வைத்தவர், அதே வெள்ளிக்கிழமைக்காக அவளுக்கும் ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். மற்ற இருவரின் பிழையும் சனிக்கிழமை காலையில் தீர்ந்துபோயிருக்கக் கூடியது. குருவம்மாளுக்கும் இந்த விடை தெரிந்திருந்தது. ஆனால் ரசீதில் இருந்தது ரகுபதியின் கையெழுத்து அல்லவே. அவள் பர்சைத் திறக்காமலே எழுந்து வந்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கடியில் இருந்த தவணைப் பணத்தை எடுத்து நான்கு பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமையாச்சேக்கா," என்று கை நீட்டத் தயங்கினாள் ராமத்தாய். "வாங்கிக்கோ," என்றாள் குருவம்மாள். "இனிமே இந்த வீட்ட விட்டுப் போறதுக்கு உள்ள யாரும் இல்ல."