தரையில் உட்கார்ந்த குற்றம்

பீடி சுற்றும் ஆவுடையம்மாளுக்கு இடுப்பில் வைத்த செயற்கை மூட்டு ஒன்றரை வருடத்தில் தேய்ந்துபோனது. மறுபடியும் அறுத்து வேறு வைத்தார்கள். அதன் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடை இல்லை. நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனாள். வக்கீல் வைக்க வசதியில்லை, அவளே பேசினாள்.

மூட்டு செய்த கம்பெனியின் வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"தரையில உட்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாருய்யா. நாற்காலியில இருந்துதான் சுத்துனேன்."

"பீடி சுத்துறவங்களுக்கு நாற்காலியாம். ஒன்றரை வருஷத்துல ஒரு நாள்கூடத் தரையில உட்காரலைன்னு நிரூபிங்க, பார்ப்போம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அதுக்கு நான் எங்கய்யா போவேன்? சரி, உக்காந்தேன்னே வச்சிக்கிடுங்க."

வக்கீல் நீதிபதியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ஆவுடையம்மாள், ஆஸ்பத்திரியில் மனுப்போட்டு வாங்கிய தன் கோப்பைப் பிரித்தாள். அவளுக்கு வைத்த மூட்டின் எண் ஸ்டிக்கராக அதில் ஒட்டியிருந்தது. அடுத்த தாள், அதே எண் வரிசையில் மிச்சமிருக்கும் மூட்டுகளை உடனே திருப்பி அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி எழுதிய கடிதம்.

"டப்பா பிரிக்காம அலமாரியில கிடந்ததையெல்லாம் எதுக்குய்யா திரும்ப வாங்குனீங்க? அதுகளும் தரையில உக்காந்து பீடி சுத்துச்சா?"

நீதிபதி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். வக்கீல் வாய்தா கேட்டார்.

"வாய்தா இருக்கட்டும்," என்றார் நீதிபதி. "முதல்ல அந்தம்மாவுக்குப் பதில் சொல்லுங்க."