காற்றுப் பார்த்த மாஸ்டர்

குரு ஒரு பெண். பெயர் தர்ஷிகா, வயது முப்பது. கனடாவில் ஓர் ஏரிக்கரைப் பூங்காவில் பனிக்காலத்துக்கென்றே கொழுத்த டயர் சைக்கிள்களை வாடகைக்குக் கொடுத்து, ஓடவும் பழக்குகிறாள். சீடருக்கு வயது அவளைப்போல் இரண்டு மடங்கு. யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர் என்பதால் குருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது.

அன்று காலை மாஸ்டர் மறுபடியும் பனியில் விழுந்தார்.

"நோகேல்லையே, மாஸ்டர்?"

"நோவு கிடக்கட்டும், வெக்கமாக் கிடக்கு. ஊரிலை ரெண்டு கையையும் விட்டிட்டுச் சைக்கிள் ஓடினவன் நான், பிள்ளை."

தர்ஷிகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"என்ரை மனிசி போனதோடை எனக்குக் காத்துப் போயிட்டுது. பனி விழத் துவங்கின நாளிலையிருந்து மகன்ரை வீட்டு யன்னலடியிலை இருக்கிறன். இண்டைக்கும் இதை ஓட ஏலாட்டி ஊருக்குப் போறதெண்டு முடிவு. அங்கை வெறும் வீடுதான். எண்டாலும் றோட்டிலை இறங்கலாம். சொல்லு பிள்ளை, காத்துப் போன மனிசன் என்ன செய்யிறது?"

அவள் சைக்கிளை நிமிர்த்தினாள். பெருவிரலால் டயரை அமத்திப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

"இதுக்கு ஆர் காத்தடிச்சது?"

"நான்தான். நீ தரேக்கை சில்லு ரெண்டும் தொளதொளவெண்டு கிடந்தது. உன்ரை பம்பை எடுத்து நல்லா இறுக்கி அடிச்சனான்."

இதைச் சொல்லும்போது மட்டும் மாஸ்டரின் குரலில் பழைய மிடுக்கு வந்தது. காற்றுப் பார்க்காமல் யாழ்ப்பாணத்தான் சைக்கிளில் ஏறுவானா?

தர்ஷிகா குனிந்து வால்வை அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று இறங்கியது. மாஸ்டர் பதறி எழுந்தார்.

"ஐயோ பிள்ளை, இனி உருட்டிக்கொண்டு போகத்தான் உதவும்!"

"ஏறுங்கோ, மாஸ்டர்."

ஏறினார். டயர் நசுங்கிப் பரந்து பனியைப் பிடித்துக்கொண்டது. முதலில் தள்ளாடினார். பிறகு மரங்களைக் கடந்தார், வளைவில் திரும்பினார், கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்தபோது மூக்குச் சிவந்து, கண் கலங்கியிருந்தது. சந்தோஷம்தான், வேறென்ன.

இறங்கியதும் பழக்கதோஷம் விடவில்லை. டயரை அமத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

"போன காத்தை எப்ப பிள்ளை திருப்பி அடிக்கிறது?"

"பனி கரையட்டும், மாஸ்டர், அடிப்பம். அதுவரைக்கும் உள்ளதே போதும்."