முப்பது தப்படி கார்த்தேஜ்

"போருக்குக் காரணம் என்ன?" என்று கேட்டார் பூசாரி நூமெரியஸ்.

அரிஷாத் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்கள் சபைதான் மூன்று காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறதே, ஐயா."

"கொடுத்திருக்கிறார்கள். மூன்றும் பொய் இல்லை. ஆனால் சொல்லிப் பார்த்தால் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது."

"அப்படியென்றால் அந்தக் கல்லில் உட்காருங்கள்" என்றாள் அவள். "வெயில் உச்சிக்கு வரட்டும்."

இதென்ன பதில் என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்தார். வேறு போக்கிடம் இல்லை அந்த மனிதருக்கு.

ரோமாபுரிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சண்டை என்றால் அவர்களுக்கு ஆசை. சட்டம் என்றால் உயிர். எதிரி மண்ணில் பூசாரி ஒருவர் நின்று, காரணத்தை உரக்கச் சொல்லி, ஈட்டியை எறிந்தால்தான் அது போர். இல்லாவிட்டால் வெறும் கொலை.

பக்கத்து ஊர்க்காரனோடு சண்டை போட்ட காலத்தில் இது சௌகரியமாக இருந்தது. நடந்து போய் எறிந்துவிட்டு வரலாம். கார்த்தேஜ் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எந்த மகராசனால் அவ்வளவு தூரம் எறிய முடியும்?

அதனால் கார்த்தேஜையே ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

பிடிபட்ட கார்த்தேஜ் சிப்பாய் ஒருவனைக் கூட்டிவந்து, போர்த்தேவதையின் கோயில் வாசலில் முப்பது தப்படி நிலத்தை அவன் பெயருக்கு வாங்க வைத்தார்கள். கார்த்தேஜ்காரன் நிலம், ஆகவே கார்த்தேஜ். முடிந்தது விஷயம். நாலு பக்கமும் எல்லைக்கல் நட்டார்கள். முதல் போருக்கு அங்கேதான் ஈட்டி எறிந்தார்கள்.

அந்தச் சிப்பாய் செத்துப் பல வருஷம் ஆகிறது. அவன் மகள்தான் அரிஷாத். அந்த நிலத்திலேயே பிறந்தாள், கல்லைத் தாண்டி ஒரு நாளும் கால் வைத்ததில்லை. தாண்டினால் அவள் ஊடுருவிய எதிரி. தண்ணீரைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று நீட்டுவார்கள், அவள் எட்டி வாங்கிக்கொள்வாள். ஒரு மாதுளை மரம், ஒரு குடிசை, நாலு பாத்தி வெங்காயம். கார்த்தேஜின் மொத்த ஜனத்தொகை ஒன்று.

நூமெரியஸின் குரு சாகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காரணம் தெரிய வேண்டுமானால் அந்த நிலத்துக்காரர்களிடம் போய்க் கேள், நான் கேட்காமல் எறிந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்காமல் எறிந்த அந்தப் போர் இருபத்துமூன்று வருஷம் நடந்தது.

இப்போது இரண்டாவது போர். எறிய வேண்டியவர் நூமெரியஸ். இன்னும் இரண்டே நாள்.

அவருக்கு ஒரே மகன், செர்வியஸ். முதல் கப்பலில் அவன் பெயர் இருந்தது.

சடங்கின் சத்தியப் பிரமாணம் என்ன தெரியுமா? நான் சொல்லும் காரணம் பொய்யானால் என் குலம் தாய்மண்ணைத் திரும்பிப் பார்க்காமல் போகட்டும். குலம் என்றால் செர்வியஸ்தான். அந்தப் பிள்ளை சின்ன வயதில் கழுத்தில் போட்டிருந்த தாயத்தை வீட்டுச் சாமி முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள். வளர்ந்த பிள்ளையின் தாயத்து அங்கேதான் இருக்க வேண்டும், அதுதான் முறை. நூமெரியஸ் அதை யாருக்கும் தெரியாமல் எடுத்து மடியில் முடிந்து வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது பூசாரி, பிள்ளைப்பாசத்தில் சாமி முன்னால் இருந்ததையே திருடிவிட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தது. கோயில் வாசலில் ஆள் நடமாட்டம் நின்றது. மாதுளை மரத்தில் இருந்த குருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

அப்போதுதான் பார்த்தார். எதிர்ப்பக்கத்து எல்லைக்கல்லில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

நரைத்த தாடி. காதில் வளையம். பூசாரி உடைதான், ஆனால் இந்த ஊர் உடை இல்லை. கையில் ஒன்றும் இல்லை. நூமெரியஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெங்காயத்தாளின் நிழல், மரத்தின் நிழல், அரிஷாத்தின் நிழல் எல்லாம் வடக்கே விழுந்து கிடந்தன. அந்த ஆளின் நிழல் மட்டும் தெற்கே, சூரியனைப் பார்த்து விழுந்திருந்தது.

நூமெரியஸ் எழுந்தார். அவனும் எழுந்தான்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாளும் போனார். சும்மா ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று சடங்கு ஈட்டியைக் கையோடு எடுத்துப் போனார். தப்பா? நாமாக இருந்தாலும் எடுத்துக்கொண்டுதான் போயிருப்போம்.

உச்சிவெயில். குருவிகள் அடங்கின. அந்த ஆள் வந்தான். அவன் கையிலும் ஈட்டி.

"பார்த்தாயா அம்மா, ஆயுதத்தோடு வந்திருக்கிறான்" என்றார் நூமெரியஸ்.

"அவரும் உங்களைக் காட்டி அதைத்தான் சொன்னார்" என்றாள் அரிஷாத்.

பிறகு களைக்கொத்தைப் போட்டுவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு, தெற்குக் கல்லை நோக்கி நடந்தாள். அப்பன் பேசிய பாஷையில் ஏதோ பேசினாள். அவன் பதில் சொன்னான். வாய் அசைந்தது, சத்தம் மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். கடலுக்கு அந்தப் பக்கம் கார்த்தேஜிலும் முப்பது தப்படி நிலம் ஒன்று இருக்கிறதாம். அதற்கு ரோமாபுரி என்று பெயராம். நாளை உச்சியில் அவனும் எறிய வேண்டுமாம். அவனுக்கும் மூன்று காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தீவைப் பிடுங்கிக்கொண்டார்கள், எங்கள் ஆற்றங்கரையில் வந்து மூக்கை நுழைக்கிறார்கள், எங்கள் தூதரை நிற்கவைத்துப் பேசினார்கள். அவனுக்கும் அவை வாயில் நிற்கவில்லையாம்.

"அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான், ஐயா. அவனுக்கும் முதல் கப்பல்தான்."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார் நூமெரியஸ். ஒரு பூசாரி, வெங்காயம் பயிரிடுகிறவளிடம், சீடனாக நின்று கேட்டார்.

"நாளை ஈட்டியைக் கீழே வைத்துப் பாருங்கள்" என்றாள் அவள். "அவரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்."

அன்று முழுக்க அவர் அதையே யோசித்தார். குறித்த நாளில் உச்சிப்பொழுது தாண்டிவிட்டால் சடங்கு செல்லாது. மறுபடி முறைப்படி தொடங்க முப்பத்துமூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் கடல் கொந்தளிக்க ஆரம்பித்துவிடும், வசந்தம் வரை ஒரு கப்பலும் கிளம்பாது. செர்வியஸ் வீட்டில் இருப்பான். ஒரே ஒரு உச்சிப்பொழுது கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். சாப்பாடு இறங்கியது அவருக்கு, பல நாளைக்குப் பிறகு.

மூன்றாம் நாள் ஊரே திரண்டுவிட்டது.

சபைக்காரர்கள் வெள்ளை உடையில் வரிசையாக நின்றார்கள். கொம்பு ஊதினார்கள். படை அணிவகுத்து நின்றது. முதல் வரிசையில் செர்வியஸ், புதுத் தலைக்கவசத்தோடு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

நூமெரியஸ் வடக்குக் கல்லருகே ஈட்டியோடு நின்றார். அரிஷாத் நிலத்தின் நடுவே, மாதுளை மரத்தடியில் நின்றாள்.

உச்சி வந்தது. குருவிகள் அடங்கின. இத்தனை ஆயிரம் பேரின் இரைச்சலும் அவர் காதில் அடங்கிப்போனது.

எதிரே அவன் நின்றான். வேறு யாரும் அவனைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நூமெரியஸ் குனிந்து ஈட்டியைத் தரையில் வைத்தார்.

அவனும் வைத்தான்.

பின்னால் சபைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். யாரோ அவர் பெயரைச் சொல்லி அதட்டினார்கள். அவர் திரும்பவில்லை. காலடியில் நிழல் இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும். முப்பது தப்படி தூரத்தில் அந்த ஆளின் கண் கலங்கியிருந்தது தெரிந்தது. இவருக்கும் கலங்கியது. இப்படி ஒரு மனிதனைப் பார்த்தா இரண்டு நாள் நடுங்கினோம் என்று வெட்கமாக இருந்தது.

நிழல் நகர்ந்தது. அரை விரற்கடை.

அந்த நேரத்தில் ஆண்டவனைத் தேடுகிற மாதிரி அவர் கை தானாக மடிக்குள் போனது. தாயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

அவன் கண் அவர் கையைப் பின்தொடர்ந்து வந்தது.

அவன் முகம் மாறியது. அவன் கையும் உடைக்குள் போனது.

என்ன எடுக்கிறான் என்று நினைத்தார் நூமெரியஸ். உடைக்குள் என்ன வைத்திருக்கிறான்? ஈட்டியைக் கீழே வைத்தது இதற்குத்தானா? பின்னால் என் பிள்ளை நிற்கிறானே.

குனிந்தார். அவனும் குனிந்தான். யார் முதலில் குனிந்தது என்று பின்னால் எத்தனையோ நாள் அவர் யோசித்துப் பார்த்திருக்கிறார்.

எறிந்தார்.

அவர் காதோரமாக ஏதோ ஒன்று சீறிக்கொண்டு போனது.

சத்தம் எல்லாம் திரும்பி வந்தது. ஊர் கத்தியது. வாளால் கேடயத்தைத் தட்டினார்கள். குருவிகள் மரத்தைவிட்டுப் பறந்தன. அவர் ஈட்டி வெங்காயப் பாத்தியில் சாய்வாகக் குத்தி நின்றது. தெற்குக் கல்லருகே யாரும் இல்லை.

காரணத்தை அவர் சொல்லவே இல்லை என்பது அந்த ஆரவாரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றினால்தான் என்ன? மூன்றையும் நேற்றே கல்லில் வெட்டியாகிவிட்டது.

கப்பலுக்குப் புறப்பாட்டுக் கொம்பு ஊதினார்கள். செர்வியஸ் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு ஓடினான். நூமெரியஸால் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட முடியவில்லை. மடிக்குள் இருந்த கை அங்கேயே தாயத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

கூட்டம் துறைமுகத்தை நோக்கிப் போனது. வாசலில் அவரும் அவளும்தான்.

அரிஷாத் மெதுவாகத் தெற்குக் கல்வரை நடந்தாள். குனிந்து மண்ணிலிருந்து எதையோ பொறுக்கினாள். முந்தானையில் துடைத்தாள். திரும்பி வந்து, கல்லைத் தாண்டாமல், கையை நீட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

பழைய நூலில் கோத்த நீலக் கண்ணாடி மணி. கண் மாதிரி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. குழந்தைக் கழுத்துக்கு அளவான நூல். பிடித்திருந்த கையின் சூடு அதில் இன்னும் ஆறவில்லை.

"இதைத்தான் ஐயா அவர் எடுத்தார்" என்றாள்.