காலை எட்டு மணிப் பதில்

ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கிக் கணினிக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஆவணம் எல்லா விவரத்தையும் வைத்திருப்பவர்; எதைக் கேட்டாலும் புரட்டிப் பார்த்துத்தான் சொல்வார். நினைவு சுறுசுறுப்புக்காரி. ஒரு முறை வந்த பதிலைப் பெயர் போட்டு முடிந்து வைத்துக்கொண்டு, மறுமுறை கண் இமைக்குமுன் ஒப்பிப்பாள். வாசல், வெளியிலிருந்து வரும் கேள்வியை முதலில் நினைவிடம் கொண்டுபோவான். அவள் கையை விரித்தால் மட்டும் ஆவணத்திடம் நடப்பான்.

இவர்களை அமைத்தவள் ஜெசிந்தா. நூறு கேள்விக்கு நூறையும் நினைவே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதனால், ஒரு பதில் எவ்வளவு நேரத்துக்குச் செல்லும் என்று கெடு வைக்காமலே விட்டுவிட்டாள். ஆசை யாரை விட்டது?

நினைவு தன் முடிச்சு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "ஓ நெகட்டிவ், இரண்டு யூனிட்" என்பது காலை எட்டு மணிக்கு அவளிடம் வந்த பதில். இப்போது மணி பதினொன்று. ரத்தம் எடுத்துப்போன செய்திகளெல்லாம் அவளைத் தாண்டி நேரே ஆவணத்திடம் போய்க்கொண்டிருந்தன. என்ன செய்தி என்று வாசலிடம் கேட்டாள். தூக்கிப் போவதுதான் என் வேலை, பிரித்துப் பார்ப்பதல்ல என்றுவிட்டான்.

அந்த நேரத்தில் பிரசவ அறைக்கு வெளியே எசக்கிமுத்து செவிலியின் முன் நின்றான். உள்ளே அவன் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

"இங்க ரத்தம் இருக்குன்னா நிக்கேன் சிஸ்டர். இல்லன்னா இப்பமே பாளையங்கோட்டைக்கு ஓடுதேன். ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஓ நெகட்டிவ் எத்தனை இருக்கிறது என்று செவிலி கணினியில் தட்டினாள். வாசல் அந்தக் கேள்வியை நினைவிடம் கொண்டுவந்தான்.

நினைவு அந்த முடிச்சைக் கையில் எடுத்தாள். இரண்டு என்று சொன்னால் ஜெசிந்தாவுக்குப் பிடிக்கும். அது பொய்யாகப் போனால் அந்த மனிதன் இங்கேயே நின்றுவிடுவான். முடிச்சை அவிழ்த்து, வைத்திருந்த பதிலைக் கீழே உதறினாள்.

"எனக்குத் தெரியாது. பெரியவரிடம் போ, சீக்கிரம்."

ஆவணம் புரட்டினார். மூன்று விநாடி ஆயிற்று. ஒரு யூனிட்கூட இல்லை.

எசக்கிமுத்து படிகளில் விழுந்தடித்து ஓடினான். அவன் கொண்டுவந்த ரத்தம் பன்னிரண்டரை மணிக்கு ஏறியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதைக் கேட்டு நினைவு அழுதேவிட்டாள்.

மாலையில் ஜெசிந்தா அன்றைய பதிவுகளைப் பார்த்தாள். நினைவு ஒரு முறை கையிலிருந்த பதிலைச் சொல்லாமல் உதறிவிட்டாள் என்று இருந்தது. ஏன் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்து கால் மணி நேரத்தில் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இனி நினைவால் எதையும் மறக்க முடியாது.