சிவலைப் பசுவின் வாய்தா

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை மணிமாறவர்மர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். காலையில் போட்ட சட்டத்தை மாலையில் மாற்றுவார், அவ்வளவுதான் குறை. ஒருநாள் அவசரத் தீர்ப்பு சொல்லித் தன் சமையல்காரனையே நாடு கடத்திவிட்டு, வேகாத சோற்றைத் தின்றார். அந்தக் கடுப்பில் பறையறைய வைத்தார்: "இனி எந்த வழக்கிலும் அவசரம் கூடாது. ஆற அமரத்தான் நீதி."

தலைமை நீதிபதி திருமேனிநாதருக்குக் கொண்டாட்டம். காரணம் இருந்தது. மோர் விற்கும் பூவாயியின் சிவலைப் பசு அரண்மனைத் தோட்டத்தில் புகுந்து மகாராணியின் மல்லிகையை மேய்ந்துவிட்டது. அந்த வழக்கு அவர் கையில். வழக்கில் சிக்கிய பொருள் தீர்ப்பு வரும்வரை நீதிபதியின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். ஆகவே பசு நின்றது அவர் கொட்டகையில், பால் கறந்தது அவர் வீட்டுச் செம்பில். அவரா தீர்ப்பு சொல்வார்? வாய்தாவுக்கு மேல் வாய்தா. தொந்தி ஒரு சுற்று பெருத்தது.

பூவாயிக்கோ பசுதான் பிழைப்பு. மோர்ப்பானை காய்ந்து கிடந்தது.

"சாமி, மாடு மேஞ்சது ஒரு பொழுது. நான் காயறது எத்தனை நாளு?" என்றாள் சபையில்.

"அரசரின் கொள்கையையே குறை சொல்கிறாயா? வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லி மீசையில் ஒட்டியிருந்த தயிரைத் துடைத்தார் நீதிபதி.

அவள் நேரே அமைச்சர் நல்லாதனாரிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள். "ராசாகிட்ட சட்டம் தப்புன்னு சொல்லுங்கய்யா."

"தப்பென்றால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார், தாயே. நான் அதைப் புகழப் போகிறேன்."

மறுநாள் அமைச்சர் அரசரிடம் போனார். "அரசே, ஆற அமர நீதி அற்புதம். ஆனால் ஒரு சந்தேகம். பசு தின்ற மல்லிகை எங்கே போயிற்று?"

"வயிற்றுக்குள்."

"அங்கிருந்து பாலில் போனதா, சாணத்தில் போனதா? விசாரிக்காமல் எப்படித் தெரியும்? அப்படியானால் இரண்டுமே சாட்சிதானே?"

அரசர் துள்ளிக் குதித்தார். "சரியாய்ச் சொன்னீர். ஒரு சொட்டு, ஒரு உருண்டை வீணாகக் கூடாது. முத்திரை வைத்து நீதிபதியின் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே அடுக்குங்கள்."

காவலர்கள் கறந்ததையும் அள்ளியதையும் பானை பானையாய்க் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல கோடை. பால் புளித்துப் பொங்கியது. ஈக்கள் வக்கீல்களை விட அதிகமாக வாதாடின. திருமேனிநாதர் மூக்கைப் பிடித்துக்கொண்டே வழக்கு கேட்டார்.

"தங்கள் கொள்கை மணப்பதைப் பார்க்க வாருங்கள், அரசே" என்று அழைத்துவந்தார் அமைச்சர்.

அரசர் பட்டுத் துணியால் முகத்தை மூடினார். நீதிபதி காலில் விழுந்தார். "அரசே, பசு குற்றமற்றது. இப்போதே தீர்ப்பு எழுதுகிறேன்."

"அவசரமா?" என்றார் அமைச்சர். "இன்னும் மகாராணியையே விசாரிக்கவில்லையே."

அரசர் பானைகளை உற்றுப் பார்த்தார். "எல்லாம் புதுப் பானை. பறையறைந்த நாளிலிருந்து கறந்த பால் எங்கே?"

சபை முழுவதும் நீதிபதியின் தொந்தியைப் பார்த்தது.

"அந்தச் சாட்சி உள்ளே பத்திரமாக இருக்கிறது, அரசே" என்றார் நல்லாதனார்.

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சபை ஓரத்தில் நின்ற பூவாயி பக்கம் திரும்பினார். "சரி, மல்லிகைக்கு நீ என்ன சொல்கிறாய்?"

"மாடுன்னா மேயும், மகாராசா. உங்க தோட்டத்துக்கு வேலி எங்க?"

சிரிப்பு நின்றது. வேலி இல்லை. அரசர் முகத்தை மூடியிருந்த துணியை எடுத்தார். "குற்றம் என்னுடையது" என்று மெல்லச் சொன்னார். "வேலி நான் போடுகிறேன். பசுவை இவளிடம் கொடுங்கள். சாட்சியோடு சாட்சியாய் வயிற்றையும் நிரப்பிக்கொள்ளும் இந்த நீதி இன்றோடு முடிந்தது. திருமேனிநாதரே, தினமும் காலையில் புல் அறுத்துத் தலையில் சுமந்து இவள் வீட்டில் போடும்."

"எத்தனை நாளைக்கு, அரசே?" என்று முனகினார் நீதிபதி.

அரசர் பூவாயியைப் பார்த்தார். அவள் காவலர்கள் ஓட்டிவந்த சிவலையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"அதை அடுத்த வாய்தாவுல சொல்றேன், சாமி."