பன்னிரண்டு டம்ளர் தண்ணீர்

பால் குளிரூட்டும் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சிறிய கம்பெனி அது. பாளையங்கோட்டையில் இருந்தது. அங்கே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவள் ரெஜினா. அவளிடம் கற்றுக்கொண்டவர் ஆறுமுகப்பெருமாள். வயதில் அவளைவிட மிகவும் பெரியவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு கிராமத்தில் தொட்டிப் பால் மொத்தமும் திரிந்துபோனது. பால் பதினாறு டிகிரியில் கிடந்திருக்கிறது. தொட்டியில் உள்ள வெப்ப சென்சார்களின் சராசரியைக் காட்டும்படி அவர் நிரல் எழுதிய பெட்டியோ நான்கு டிகிரி என்று காட்டியிருக்கிறது. எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை.

மறுநாள் திருத்திய பெட்டி போக வேண்டும். இன்னொரு தடவை பால் கெட்டால் பெட்டியோடு சேர்த்து அவரையும் வெளியே அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"கணக்கு சரிதான் டீச்சர். பெரிய தொட்டியில நல்லாத்தானே ஓடுது?"

"பெரிய தொட்டியில எத்தனை சென்சார்?"

"பதினாறு."

"இந்தத் தொட்டியில?"

"நாலு."

"நாலையும் எதுல வச்சீங்க?"

"பதினாறு இடம் உள்ள வரிசையிலதான். எந்தத் தொட்டி வந்தாலும் கொள்ளும்லா."

"மிச்ச இடத்துல?"

"சைபர் போட்டேன். சும்மா கிடக்கட்டுமேன்னு."

ரெஜினா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போது கடையிலிருந்து டீ வந்தது. நான்கு டம்ளர். அவள் நான்கையும் ஒரு வாளியில் ஊற்றினாள்.

"ஐயோ, அதுல ஒண்ணு முதலாளியோடது!"

அவள் காதில் வாங்கவில்லை. தண்ணீர் கேனைத் திறந்து, பன்னிரண்டு டம்ளர் தண்ணீர் பிடித்து அதே வாளியில் ஊற்றினாள். ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள்.

"குடிங்க."

அவர் குடித்தார். முகம் கோணியது.

"இது பச்சத் தண்ணி டீச்சர்."

"நாலு டீ இருக்கு அண்ணாச்சி. மிச்சம் சும்மா கிடக்கட்டும்னு ஊத்துனேன்."

அவர் டம்ளரை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தார். முகத்தில் தெளிவு இருந்தது. நான்கு சென்சாருக்கு ஒரு கணக்கு, எட்டுக்கு ஒன்று, பதினாறுக்கு ஒன்று எனத் தனித்தனியாக எழுதியிருந்தார். எண்ணைத் தவிர மூன்றும் ஒன்றுதான். எட்டில் மட்டும், நகல் எடுத்த அவசரத்தில், வகுக்கும் எண் நான்காகவே நின்றிருந்தது.

"ஆறு சென்சார் தொட்டி வந்தா?"

"இன்னொண்ணு எழுதிருவேன்."

"ஏழு வந்தா?"

"அதுக்கும் ஒண்ணு."

"உங்களுக்குச் சாவே கிடையாது அண்ணாச்சி. எழுதிக்கிட்டே இருப்பீங்க."

"பின்ன என்னதான் செய்யச் சொல்லுதீங்க?" அவருக்கும் குரல் ஏறிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. எண் வர்ற இடத்துல 'என்' போடுங்க."

"எண்ணுல எண்ணைப் போடவா?"

"கடவுளே! இங்கிலீஷ் எழுத்து. எத்தனைன்னு நீங்க சொல்லாதீங்க. கூப்பிடுத தொட்டி சொல்லட்டும்."

"எந்த எண்ணும் சொல்லலாமா?"

"சொல்லலாம். சொன்ன பெறகு மாத்தக் கூடாது."

அவர் மூன்றையும் அழித்தார். ஒன்றை எழுதினார். சின்னத் தொட்டிக்கு நான்கு என்று சொல்லி, அதன் சென்சார்களின் பெயர்களை வரிசையில் கொடுத்தார். எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தருவது கம்பைலர். அதனிடம் ஒப்படைத்தார்.

திரை முழுக்கச் சிவப்பாக வந்தது.

"டீச்சர், ஏத்துக்க மாட்டேங்கு. நாலு சொன்னியே, மூணுதான இருக்குன்னு நிக்கி."

அவள் குனிந்து பார்த்தாள்.

"தொட்டிக்கு அடியில உள்ள சென்சாரை விட்டுட்டீங்க."

"ஒண்ணுதான? அந்த ஒரு இடத்துல மட்டும் ஒரு சைபர்..."

ரெஜினா நிமிர்ந்தாள். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இல்ல, சும்மா கேட்டேன்."

விட்டுப்போன பெயரைச் சேர்த்தார். சிவப்பு மறைந்தது. ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"பெட்டி இன்னும் ஓடவே இல்ல. ஒரு சொட்டுப் பால் கெடல. அதுக்குள்ள இது எதுக்கு டீச்சர் இந்தத் திட்டுத் திட்டுது?"

"ஓடுன பெறகு திட்டுததுக்குத்தான் பால்காரங்க இருக்காங்கள்லா அண்ணாச்சி."